குடியுரிமைத் தேர்வில் தேறாத பிள்ளைக்குப் பள்ளி இறுதிச் சான்றிதழ் கிடையாதா?

2025 செப்டம்பர் 6 (கேள்வி)

என் கணவருக்கு ஃபீனிக்ஸ் நகரத்துக்கு மாற்றல் வந்திருக்கிறது. மகள் சென்னையில் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். அரிசோனாவில் குடியுரிமைத் தேர்வில் தேறினால்தான் பள்ளி இறுதிச் சான்றிதழ் தருவார்களாமே? நாங்கள் விசாவில் வருகிறவர்கள், குடிமக்கள் அல்ல. அவளுக்கும் இது உண்டா? அந்த நாட்டு வரலாறே தெரியாத பிள்ளையை இப்படித் தடுத்து நிறுத்துவது நியாயமா? அங்கே பிள்ளைகளைப் படிக்கவைத்தவர்கள் சொல்லுங்கள்.

செப்டம்பர் 6, இரவு

உண்டு. எந்த விசாவில் வந்த பிள்ளைக்கும் உண்டு. நான் 1996 முதல் அமெரிக்காவில் இருக்கிறேன். இப்போது ஃபீனிக்ஸுக்குப் பக்கத்தில் சாண்ட்லரில் வீடு. என் மகன் இந்தத் தேர்வை எழுதித்தான் 2018-இல் பள்ளியை முடித்தான்.

சட்டம் 2015 ஜனவரி 15 அன்று வந்தது. மாநிலச் சட்டமன்றத்தின் இரு அவைகளும் ஒரே நாளில் நிறைவேற்றின, ஆளுநர் டக் டூசி அன்றைக்கே கையெழுத்திட்டார். நாட்டிலேயே முதல் மாநிலம் இதுதான். இதற்காகப் பாடுபட்டது ஸ்காட்ஸ்டேலில் இருந்த ஜோ ஃபாஸ் இன்ஸ்டிடியூட் என்ற குடிமைக் கல்வி அமைப்பு. 2017-இல் பள்ளி முடித்தவர்களிலிருந்து நடைமுறை. குடியேறியவர்கள் குடியுரிமை பெற அப்போது எழுதிய தேர்வின் அதே 100 கேள்விகள். 60 சரியாக இருக்க வேண்டும் என்று தொடங்கினார்கள். அதை 70 ஆக உயர்த்த 2022-இல் இன்னொரு சட்டம் போட்டார்கள். தேறாவிட்டால் திரும்பத் திரும்ப எழுதலாம்.

ஆகவே பயப்பட ஒன்றுமில்லை. தமிழ்நாட்டுச் சமூக அறிவியல் பாடத்தைப் படித்துத் தேர்வு எழுதும் பிள்ளைக்கு இது பெரிய வேலையே அல்ல.

நியாயமா என்று கேட்டீர்களே, அதற்கு என் பதில்: ஒரு பிள்ளையின் சான்றிதழை இந்தக் கேள்வித்தாளில் கட்டிவைக்கக் கூடாது. காரணத்தை நாளை எழுதுகிறேன்.

செப்டம்பர் 7

முதலில் கேள்விகள் எப்படிப்பட்டவை என்று பாருங்கள். நாட்டின் உச்சச் சட்டம் எது? அரசியலமைப்புச் சட்டத்துக்கு எத்தனை திருத்தங்கள்? 27. பிரதிநிதிகள் சபையில் வாக்குரிமையுள்ள உறுப்பினர் எத்தனை பேர்? 435. கொடியில் 13 கோடுகள் ஏன்? கிழக்குக் கரையில் எந்தப் பெருங்கடல்? மெக்சிகோவை ஒட்டிய ஒரு மாநிலத்தின் பெயர் என்ன? (அரிசோனாப் பிள்ளைக்கு இது இனாம்.) சட்டத்தின் ஆட்சி என்றால் என்ன என்பது போன்ற ஆழமான கேள்விகளும் உண்டு. அவற்றுக்கும் ஒற்றை வரியில்தான் விடை.

மகனின் பள்ளியில் இதற்கு ஒரு வாரம் ஒதுக்கினார்கள். மனப்பாட அட்டைகள், பிறகு கணினியில் நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் தேர்வு. ஒரே மூச்சில் எழுதித் தேறிவிட்டான். அன்று இரவு சாப்பிடும்போது கேட்டேன்: "435 பேர் என்று எழுதினாயே, அதில் நம் தொகுதிக்காரர் யார்?" தெரியவில்லை. "அவரிடம் எதற்காகப் போகலாம், நகர மன்றத்துக்கு எதற்காகப் போக வேண்டும்?" அதுவும் தெரியவில்லை. அவனை நான் குறை சொல்ல மாட்டேன். யாரும் அவனுக்குச் சொல்லித்தரவில்லை, தேர்வும் அதைக் கேட்கவில்லை. அவனுடைய ஆசிரியருக்குமே அந்த வாரத்தை முடித்து அடுத்த பாடத்துக்குப் போனால் போதும் என்றிருந்தது.

செப்டம்பர் 9

மேலே ஒருவர், "அப்படியானால் உங்கள் அம்மாவைப் போன்ற முதியவர்கள் குடியுரிமை பெற எழுதும் தேர்வும் வீண்தானா?" என்று கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. இரண்டு நாளாக அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

அம்மா மதுரைக்காரர். 2004-இல் கிரீன் கார்டு கிடைத்து எங்களோடு வந்து சேர்ந்தார். 55 வயதைக் கடந்து, 15 ஆண்டு நிரந்தரவாசியாக இருந்தவர்களுக்கு ஆங்கிலத் தேர்விலிருந்து விலக்கு உண்டு. குடிமையியல் கேள்விகளுக்குத் தாய்மொழியிலேயே பதில் சொல்லலாம். மொழிபெயர்ப்பாளரை நாம் அழைத்துப் போக வேண்டும். 2021-இல், 74 வயதில், அம்மா தமிழில் அந்தத் தேர்வை எதிர்கொண்டார்.

நூறு கேள்விகளையும் என் கையெழுத்தில் ஒரு நோட்டில் எழுதிக் கொடுத்தேன். அம்மா சும்மா படிக்கவில்லை, ஒவ்வொன்றாக வழக்காடினார். "மாநிலத்துக்கு இரண்டு செனட்டர் என்கிறாய். கலிஃபோர்னியாவுக்கும் இரண்டு, அந்தச் சின்ன ஊருக்கும் இரண்டா?" என்று வயோமிங்கைப் பற்றிக் கேட்டார். ஆறு லட்சம் பேர்கூட இல்லாத மாநிலமும் மூன்றே முக்கால் கோடிக்கு மேல் மக்கள் உள்ள மாநிலமும் செனட்டில் சமம் என்பதை அவரால் ஏற்க முடியவில்லை. ஏன் அப்படி வைத்தார்கள் என்று, அரசியலமைப்பை எழுதியபோது 1787-இல் ஃபிலடெல்ஃபியாவில் நடந்த பேரத்தை நான் படித்துவிட்டு வந்து சொல்ல வேண்டியிருந்தது. "அப்படியானால் சின்ன மாநிலக்காரன் வெளியே போய்விடுவேன் என்று மிரட்டியிருக்கிறான்" என்று அம்மா முடித்துவைத்தார். அதைவிடச் சுருக்கமாக எந்தப் பாடநூலும் சொல்லாது.

அப்போது பத்துக் கேள்வி வரை கேட்பார்கள், ஆறு சரியானால் நிறுத்திவிடுவார்கள் என்றிருந்தது. அம்மாவை ஆறோடு நிறுத்தியபோது அவருக்கு ஏமாற்றம். மீதியையும் கேட்கச் சொல் என்றார். 2022 நவம்பரில் முதல் வாக்கைப் பதிவு செய்தார்.

அதே நூறு கேள்விகள். அம்மாவுக்கு அவை உயிருள்ளவையாக இருந்தன, மகனுக்கு இல்லை. அம்மாவுக்கு எதிரே ஒரு மனிதர் உட்கார்ந்து கேட்டார். அதற்கு முன் அம்மாவோடு மல்லுக்கட்ட வீட்டில் ஓர் ஆள் இருந்தது. முடிந்தவுடன் கையில் ஒரு வாக்கு வந்தது. மகனுக்கு இந்த மூன்றும் இல்லை. தேர்வைக் குறை சொல்வதைவிட இதைத்தான் நான் சொல்ல வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது.

செப்டம்பர் 10

ஒரு சேர்க்கை. 18 வயதில் வாக்குரிமை 1971-இல் 26-ஆவது திருத்தத்தால் வந்தது. அரிசோனாவில் அடுத்த பொதுத் தேர்தல் நாளுக்குள் 18 நிறையும் பிள்ளை 17 வயதிலேயே வாக்காளராகப் பதிவு செய்துகொள்ளலாம். தேர்வு எழுதும் அதே வகுப்பறையில், தகுதியுள்ள பிள்ளைகளுக்கு அந்தப் படிவத்தையும் கொடுத்தால் என்ன?

செப்டம்பர் 13

"அடிப்படைத் தகவல் தெரியாமல் எப்படிச் சிந்திப்பது? மனப்பாடத்தை இகழாதீர்கள்" என்று எழுதியவருக்கு: இகழவில்லை. தகவல் வேண்டும் என்பதில் உங்களோடு நிற்கிறேன். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தேசிய அளவில் நடத்தும் குடிமையியல் மதிப்பீட்டில் 2022-இன் சராசரி 300-க்கு 150. 1998-லும் அதே 150. நன்கு தேர்ந்தவர்கள் 22 சதவீதம் மட்டுமே. பெரியவர்களும் மேல் அல்ல: அன்னன்பர்க் பொதுக் கொள்கை ஆய்வு மையத்தின் 2022 கணக்கெடுப்பில் அரசின் மூன்று பிரிவுகளையும் சொல்ல முடிந்தவர்கள் பாதிக்கும் குறைவு, 47 சதவீதம். இதைப் பார்த்துப் பதறித்தான் மாநிலங்கள் தேர்வைக் கையில் எடுத்தன. அந்தப் பதற்றம் நியாயமானது.

ஆனால் மருந்து வேலை செய்ததா? இத்தகைய தேர்வைக் கட்டாயமாக்கிய மாநிலங்களில் இளைஞர்கள் வாக்களிப்பது கூடியதா என்று பென்சில்வேனியா ஸ்டேட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆராய்ந்து 2023-இல் வெளியிட்டார்கள். கூடவில்லை. வாக்களிப்பது மட்டுமே குடிமை அல்ல என்று நீங்கள் சொல்லலாம், சரிதான். ஆனாலும் ஒரு தலைமுறையைச் சான்றிதழைக் காட்டி மிரட்டிப் படிக்கவைத்த பிறகு, இந்த ஒரு இடத்திலாவது அது தெரிந்திருக்க வேண்டாமா?

செப்டம்பர் 14

தெற்கு மாநிலங்களின் பழைய கல்வியறிவுத் தேர்வுகளை ஒருவர் நினைவூட்டியிருக்கிறார். கறுப்பின மக்களை வாக்குச்சாவடிக்கு வெளியே நிறுத்த லூசியானா, அலபாமா போன்ற இடங்களில் கேட்ட கேள்விகள். இரண்டையும் ஒன்றாக்க எனக்குச் சம்மதமில்லை. அங்கே விடையைத் திருத்தியவர் யாரைத் தேற்றுவது என்று முன்பே முடிவு செய்திருந்தார். இங்கே எல்லாருக்கும் ஒரே தாள், விடைகள் வெளிப்படை, எத்தனை முறையும் எழுதலாம். மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கு அவர்களுடைய தனிக் கல்வித் திட்டப்படி விலக்கும் உண்டு.

ஆனால் அந்த வரலாறு தெற்கோடு முடியவில்லை. அரிசோனாவும் அத்தகைய தேர்வை வைத்திருந்த மாநிலம்தான். 1970-இல் நாடு முழுக்க அவற்றைத் தடைசெய்தபோது அரிசோனா எதிர்த்து வழக்காடி, உச்ச நீதிமன்றத்தில் தோற்றது. இந்த மண்ணின் பூர்வகுடிகளுக்கு 1924-லேயே குடியுரிமைச் சட்டம் வந்தும், அரிசோனாவில் வாக்குரிமை 1948-இல்தான் கிடைத்தது. ஃபிராங்க் ஹாரிசன், ஹாரி ஆஸ்டின் என்ற இருவர் வழக்குப் போட்டு வாங்கினார்கள். தேர்வுத்தாளில் "அமெரிக்கப் பூர்வகுடி இனம் ஒன்றின் பெயரைச் சொல்" என்று ஒரு கேள்வி உண்டு. நவஹோ என்றோ ஹோப்பி என்றோ சொன்னால் மதிப்பெண் வந்துவிடும். இந்த மாநிலத்தின் ஒரு பிள்ளை நவஹோ என்ற பெயரை மட்டும் தெரிந்துகொண்டு, 1948-ஐத் தெரிந்துகொள்ளாமல் பள்ளியை முடித்தால் அது எனக்கு வலிக்கிறது.

செப்டம்பர் 20

கேள்வி கேட்ட சகோதரிக்கு இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். நாங்கள் குடிமக்கள் அல்ல, அவளுக்கு ஏன் இது என்று கேட்டீர்கள்.

என் கணவரின் தம்பி 2012-இல் வேலைக்கான எச்-1பி விசாவில் வந்தார். மகளுக்கு அப்போது ஐந்து வயது, குடும்பத்தாருக்கான எச்-4 விசா. இந்தியாவில் பிறந்தவர்களின் கிரீன் கார்டு வரிசை எப்படி என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். எந்த நாட்டுக்கும் ஆண்டுக்கு ஏழு சதவீதத்துக்கு மேல் இல்லை என்ற வரம்பினால் அது நகர்வதே இல்லை. பிள்ளை இங்கேயே வளர்ந்து, இந்த மே மாதம் பள்ளியை முடித்தாள். குடியுரிமைத் தேர்வில் வகுப்பிலேயே முதல் மதிப்பெண் அவளுக்கு.

முடிவு வந்த அன்று என்னைக் கூப்பிட்டாள். "பெரியம்மா, அம்மாச்சி எழுதியதும் இதே தேர்வுதானே? இதை வைத்துக் குடியுரிமைக்கு நான் எதுவும் கேட்க முடியாதா?" முடியாது என்று சொல்ல வேண்டியிருந்தது. பள்ளியில் தேறியது குடியேற்றத் துறையின் கணக்கில் சேராது. 21 வயது நிறைந்ததும் அப்பாவின் விசாவில் அவள் இருக்க முடியாது. மாணவர் விசாவுக்கு மாற வேண்டும், இல்லையேல் அவளுக்கு நினைவே இல்லாத ஊருக்குத் திரும்ப வேண்டும். நாட்டின் சட்டத்தைத் தெரிந்துகொள் என்று கட்டாயப்படுத்திய நாடு, தெரிந்துகொண்டவளை நீ எங்கள் ஆள் அல்ல என்கிறது. இது பெருங்குறை. அரிசோனா சட்டமன்றம் இதைத் தீர்க்க முடியாது, வாஷிங்டனில்தான் தீர்க்க வேண்டும். ஆண்டுதோறும் மசோதாக்களைப் பற்றிப் படிக்கிறோம், ஒன்றும் கரை சேரவில்லை.

செப்டம்பர் 20, பிறகு

ஆனால் மேலே எழுதியதோடு நிறுத்தினால் அவளுக்கு அநியாயம் செய்தவளாவேன்.

அந்த நூறில் 51-ஆவது கேள்வி: "அமெரிக்காவில் வாழும் ஒவ்வொருவருக்கும் உள்ள இரண்டு உரிமைகள் யாவை?" குடிமக்களுக்கு என்று கேட்கவில்லை, வாழும் ஒவ்வொருவருக்கும் என்று கேட்கிறது. பேச்சுரிமை, கூடும் உரிமை, அரசிடம் முறையிடும் உரிமை, வழிபாட்டு உரிமை எல்லாம் விடைகள். 14-ஆவது திருத்தத்தின் சமப் பாதுகாப்பும் எந்த நபருக்கும் பொருந்தும். பிள்ளை இதைப் பிடித்துக்கொண்டாள்.

அவளுடைய பகுதியில் பள்ளிப் பஸ் நிற்கும் இடத்தில் நிழல் இல்லை. ஆகஸ்டில் பிற்பகல் மூன்றரை மணிக்கு இங்கே வெயில் எப்படி இருக்கும் என்று வந்தபின் பார்ப்பீர்கள். பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கியபோது, பள்ளி வாரியக் கூட்டத்தில் பேசப் போகிறேன் என்றாள். என் கொழுந்தனாருக்கு பயம்: "விசாவில் இருக்கிறோம், எதற்கு வம்பு?" அவரைச் சமாதானப்படுத்தியவர் என் அம்மா. "கேட்பது தப்பில்லை என்று அவர்கள் புத்தகத்திலேயே போட்டிருக்கிறது தம்பி" என்றார்.

பெயர் எழுதிக் கொடுத்தாள், மூன்று நிமிடம் கிடைத்தது. பேசி முடித்ததும் வாரியத் தலைவர் நன்றி என்றார், அடுத்த பெயரைக் கூப்பிட்டார். யாரும் ஒரு வார்த்தை பதில் சொல்லவில்லை. காரில் அழுதுகொண்டே வந்தாள், மதிக்கவே இல்லை என்று. வீட்டுக்கு வந்து இருவரும் சட்டத்தைத் தேடிப் படித்தோம். அரிசோனாவின் திறந்த கூட்டச் சட்டப்படி, நிகழ்ச்சி நிரலில் இல்லாத பொருளைப் பொதுமக்கள் எழுப்பினால் உறுப்பினர்கள் அதை அங்கேயே விவாதிக்கவோ முடிவெடுக்கவோ கூடாது. தங்கள்மீது வந்த விமர்சனத்துக்குப் பதில் சொல்லலாம், ஊழியர்களைப் பார்க்கச் சொல்லலாம், அடுத்த நிரலில் சேர்க்கச் சொல்லலாம், அவ்வளவுதான். மக்களுக்கு முன்னறிவிப்பு இல்லாமல் எதையும் முடிவு செய்யக் கூடாது என்பதற்காக வைத்த விதி அது. அடுத்து எல்லா உறுப்பினர்களுக்கும் மின்னஞ்சல் எழுதினாள், நிரலில் சேர்க்கும்படி. சேர்த்தார்கள். அந்தக் கூட்டத்துக்கு மற்ற பிள்ளைகளின் பெற்றோரும் வந்தார்கள். நிழற்கூரைக்கு அந்த ஆண்டு நிதி இல்லை என்றார்கள். பஸ் நிற்கும் இடத்தை மட்டும் மரங்கள் உள்ள தெருவுக்கு மாற்றினார்கள்.

நிகழ்ச்சி நிரல் என்றால் என்ன, அதை யார் எழுதுகிறார்கள், அதில் ஒன்றை எப்படி ஏற்றுவது: இதுதான் குடிமையியல். நூறு கேள்விகளில் இதைப் பற்றி ஒன்றுகூட இல்லை.

செப்டம்பர் 22

"அப்படியானால் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு கூட்டத்துக்குப் போவதைக் கட்டாயமாக்கலாமே" என்கிறார் ஒருவர். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. யோசித்துப் பார்த்தால் முடியாது. மாலையில் கடையில் வேலை செய்யும் பிள்ளை உண்டு, தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை உண்டு, கார் இல்லாத வீடு உண்டு. இந்த ஊரில் கார் இல்லாமல் எங்கும் போக முடியாது. பள்ளி நேரத்துக்குள் நடக்க வேண்டும்.

அதற்கு வழி காட்டிய மாநிலங்கள் இருக்கின்றன. இல்லினாய்ஸ் 2015-இல், அரிசோனா தேர்வைக் கொண்டுவந்த அதே ஆண்டில், தேர்வு இல்லாமல் ஒரு பருவம் முழுக்கக் குடிமையியல் பாடம் என்று சட்டம் போட்டது. அதில் நடப்புச் சர்ச்சைகளை வகுப்பில் விவாதிக்க வேண்டும், சேவைப் பணி வேண்டும், சட்டமன்றம் போல நீதிமன்றம் போல நடத்திப் பார்க்க வேண்டும். மாசசூசெட்ஸ் 2018-இல், எட்டாம் வகுப்பிலும் உயர்நிலைப் பள்ளியிலும் மாணவர்களே நடத்தும் ஒரு குடிமைத் திட்டத்தைக் கொண்டுவந்தது. ஃபுளோரிடா தேர்வு வைத்திருக்கிறது, ஆனால் நடுநிலைப் பள்ளியில், ஒரு முழுப் பாடத்தின் முடிவில். மதிப்பெண்ணில் 30 சதவீதம். அந்தச் சட்டத்துக்கு சாண்ட்ரா டே ஓ'கானர் பெயரை வைத்திருக்கிறார்கள். உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி, அரிசோனாவில் வளர்ந்தவர், ஓய்வுக்குப் பிறகு பிள்ளைகள் விளையாடியபடியே அரசாங்கத்தைக் கற்க ஐசிவிக்ஸ் என்ற அமைப்பைத் தொடங்கியவர். அதில் உள்ள விளையாட்டுகள் இலவசம், உங்கள் மகளை இப்போதே ஆடச் சொல்லுங்கள்.

என்னைக் கேட்டால் இல்லினாய்ஸ்தான். வகுப்பில் சர்ச்சையான பொருளைப் பேசு என்று சட்டமே சொல்வது ஆசிரியருக்கு ஒரு காப்பு.

செப்டம்பர் 23

ரோட் ஐலண்டை விட்டுவிட்டேன். அங்கே பொதுப் பள்ளி மாணவர்கள் 2018-இல் வழக்கே போட்டார்கள்: குடிமக்களாகச் செயல்படத் தேவையான கல்வியை எங்களுக்கு மாநிலம் தரவில்லை, அது எங்கள் அரசியலமைப்பு உரிமை என்று. 2020-இல் நீதிபதி வில்லியம் ஸ்மித் தள்ளுபடி செய்தார், அத்தகைய உரிமை இருப்பதாக முன் தீர்ப்புகள் சொல்லவில்லை என்பதால். ஆனால் அதே தீர்ப்பில், இது ஒரு தலைமுறையின் அபயக் குரல் என்றும் எழுதினார். மேல்முறையீட்டிலும் தோற்றார்கள். நீதிமன்றத்தால் முடியாது என்றால் சட்டமன்றமும் பெற்றோரும்தான் செய்ய வேண்டும்.

அக்டோபர் 20

பெற்றோருக்காகக் குடியுரிமை விண்ணப்பம் போட இருப்பவர்கள் கவனிக்கவும். இன்று முதல் தரும் விண்ணப்பங்களுக்குப் புதிய தேர்வு: 128 கேள்விகள், 20 வரை கேட்பார்கள், 12 சரியாக வேண்டும். 65 வயதைக் கடந்து 20 ஆண்டு நிரந்தரவாசியாக இருந்தவர்களுக்கு மட்டும் பழையபடி 20 கேள்விகள் கொண்ட சிறு பட்டியல், பத்தில் ஆறு போதும். கேள்விகள் கூடினால் முதியவர்களின் பயம்தான் கூடும். உட்கார்ந்து சொல்லிக்கொடுங்கள், அவர்கள் கேட்கும் எதிர்க்கேள்விக்குப் பதில் தேடுங்கள்.

நவம்பர் 2

சகோதரி மீண்டும் எழுதியிருக்கிறார், ஜனவரியில் வருகிறார்களாம். பள்ளியில் சேர்க்கும் அன்றே ஆலோசகரிடம் மூன்று விஷயங்களைக் கேளுங்கள். தேர்வை எந்த வகுப்பில் வைக்கிறார்கள்? சான்றிதழுக்குத் தேவையான அரை ஆண்டு அரசியல் பாடத்தை எந்த ஆண்டில் எடுக்கலாம்? அதை யார் நடத்துகிறார்கள்? மூன்றாவதுதான் முக்கியம். விவாதிக்க விடும் ஆசிரியர் ஒவ்வொரு பள்ளியிலும் ஒருவராவது இருப்பார், மாணவர்களைக் கேட்டால் பெயரைச் சொல்லிவிடுவார்கள். பள்ளி வாரியக் கூட்டத் தேதிகள் வாரியத்தின் தளத்தில் இருக்கும், நிகழ்ச்சி நிரலைக் குறைந்தது 24 மணி நேரம் முன்பே வெளியிட வேண்டும். பிப்ரவரிக் கூட்டத்துக்கு உங்கள் மகளோடு நானும் என் கொழுந்தன் மகளும் வருகிறோம். தண்ணீர் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள், சில கூட்டங்கள் பத்து மணி வரை போகும்.